மூணு வருஷம் கழிச்சு, கீழே விழுந்த சாவியை நானே குனிஞ்சு எடுத்தேன்

திண்டுக்கல் டீச்சர்
9 செப்டம்பர் 2025, இரவு 8.40

நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கதவைத் திறக்கும்போது சாவி கைநழுவி வாசப்படியில விழுந்துச்சு. வழக்கமா அப்படியே நின்னு மகளைக் கூப்பிடுவேன். நேத்து கூப்பிடல. குனிஞ்சேன், எடுத்தேன், நிமிர்ந்தேன். அப்புறம்தான் என்ன செஞ்சேன்னே உறைச்சது. கதவைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

2022 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கிரைண்டர் கழுவக் கல்லைத் தூக்கினேன். இடுப்புல சுருக்குன்னு ஒரு இழுப்பு. அன்னைக்கு ராத்திரி புரண்டு படுக்க முடியல. ஒரு வாரம் கழிச்சு எம்ஆர்ஐ. பார்த்த டாக்டர் பிலிமை வெளிச்சத்துல பிடிச்சு, "இடுப்புக்கிட்ட எல்4, எல்5 எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு விலகியிருக்கும்மா. இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, கீழே உட்காராதீங்க. ஏதாவது ஆச்சுன்னா நரம்பு போயிரும், அப்புறம் நடக்கிறதே கஷ்டம்" அப்படின்னார். ரெண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அந்த ரெண்டு நிமிஷத்தை மூணு வருஷமா சுமந்தேன்.

வாசல்ல கோலம் போடுறது நின்னுச்சு. பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறது நின்னுச்சு. பஸ்ல பின் சீட்டுன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன், ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போடுமேன்னு. வகுப்புல சாக்பீஸ் விழுந்தா ரெண்டு பிள்ளைங்க ஓடி வந்து எடுத்துக் கொடுக்கும். தூங்கும்போது தவிர எந்நேரமும் இடுப்புல பெல்ட். இவ்வளவு காத்தும் வலி குறைஞ்சுதான்னா, இல்ல. வருஷத்துக்கு வருஷம் கூடித்தான் போச்சு.

இந்த ஜூன்ல ஒரு புது பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன். ஏற்கெனவே ரெண்டு இடத்துல கரண்டு வச்சு, ஒத்தடம் கொடுத்து, இடுப்பை இழுத்துவிடுற டிராக்‌ஷன் போட்டு அனுப்பியிருந்தாங்க. இந்த அம்மா மெஷின் பக்கமே போகல. எதிர்ல உட்கார்ந்து, "குனிஞ்சா உள்ளே என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் அதை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. "ஜவ்வு பிதுங்கி வெளிய வந்து நரம்பை அறுத்துரும்"னு சொன்னேன். சொல்லும்போதே குரல் நடுங்கிச்சு.

பன்னெண்டு வாரம் ஆச்சு. வலி முழுசா போகல, அதையும் சொல்லிடுறேன். ஆனா சாவியை எடுத்துட்டேன். இந்தப் பயத்தோட இருக்கிறவங்க இங்க வேற யாராவது இருக்கீங்களா?


லோடுமேன் தம்பி
9 செப்டம்பர் 2025, இரவு 10.15

டீச்சர், படிச்சிட்டு என் சம்சாரத்துக்கும் வாசிச்சுக் காட்டினேன். நான் ஈரோட்டுல சிமெண்டு குடோன்ல லோடு இறக்குறவன். ஒரு மூட்டை 50 கிலோ. 2019ல பலகையில இருந்து சறுக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு. எங்களுக்கு லீவு கிடையாது, அஞ்சாம் நாள் போயிட்டேன். அதனால நான் பயப்படலைன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு மூட்டைக்கும் மூச்சை அடக்கி, வயித்தை எக்கி, இடுப்பை இரும்பு மாதிரி விறைச்சுக்கிட்டுத்தான் குனியறேன். சாயங்காலம் ஆனா இடுப்பு முழுக்கக் கல்லா இருக்குது. மூட்டையை விட அந்த விறைப்புதான் என்னைக் கொல்லுது.


சேலம் ஓய்வு
10 செப்டம்பர் 2025, காலை 6.05

நான் உடன்படவில்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக முதுகுவலியோடு வாழ்கிறேன். "எல்லாம் மனசுலதான் சார்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. வலியால் இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவனிடம் போய் "உங்களுக்குப் பயம்" என்பது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா?

முயன்றும் பார்த்தேன். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர், "வலிச்சா வலிக்கட்டும், பழகிடும்" என்று முதல் நாளே இருபது முறை குனிந்து எழ வைத்தார். பத்து நாள் படுக்கை. என் மகன் தோளைப் பிடித்துக் கழிவறைக்கு நடந்தேன். சகோதரிக்குச் சரியானதில் மகிழ்ச்சி. ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட வேண்டாம்.


கோவை பிசியோ
10 செப்டம்பர் 2025, மாலை 4.30

சேலம் ஐயாவுக்கு முதல்ல பதில் சொல்லணும். உங்க வலி நூத்துக்கு நூறு நிஜம். அதை மனசுலதான்னு சொன்னவங்க தப்பு. பதினாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன், வலியை நடிக்கிற ஆளுங்களைப் பார்த்ததை விட, நிஜ வலியை யாரும் நம்பாததால உடைஞ்சு போனவங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்.

ஆனா வலி நிஜம்ங்கிறது வேற, உள்ளே இப்பவும் ஏதோ கிழிஞ்சுக்கிட்டே இருக்குங்கிறது வேற. ஒரு வீட்டுல ஒரு நாள் திருடன் வந்துட்டுப் போனான்னு வைங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டு நாய் பால்காரருக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும், காத்துல கேட் ஆடினாலும் குரைக்கும். குரைப்பு பொய் இல்ல, வீடே அதிருது. ஆனா வாசல்ல திருடன் இல்ல. தசைநார், ஜவ்வுல பட்ட காயம் பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள ஆறிடும். அதனாலதான் மூணு மாசம் தாண்டினா நாள்பட்ட வலின்னு தனியா பிரிக்கிறோம். அதுக்கப்புறம் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறி உஷாரா இருக்கிறதுதான் பல பேருக்குப் பெரிய பங்கு. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020ல வலிக்கான வரையறையைத் திருத்தினப்பவும், வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த ஒரே அனுபவமாத்தான் வச்சாங்க. ரெண்டையும் பிரிச்சு "இது உடம்பு, இது மனசு"ன்னு சொல்ற பேச்சே அங்க இல்ல.

அசைவைக் கண்டு வர்ற இந்தப் பயத்துக்கு 1990ல கோரி, மில்லர், டாட் மூணு பேரும் கினிசியோஃபோபியான்னு பேரு வச்சாங்க. அதை அளக்க டாம்பா அளவுகோல்னு 17 வாக்கியம் இருக்கு. "அசைஞ்சா மறுபடி அடிபட்டுரும்னு பயமா இருக்கு" மாதிரி வாக்கியங்கள். மொத்த மார்க் குறைஞ்சது 17, அதிகபட்சம் 68. 37ஐத் தாண்டினா பயம் அதிகம்னு பொதுவா எடுத்துக்குவோம். டீச்சரை மாதிரி ஒருத்தர் முதல் நாள் 50க்கு மேல வாங்கினா எனக்கு ஆச்சரியமா இருக்காது.

பயம் எப்படி வலியை வளர்க்குதுன்னு 2000ல நெதர்லாந்துல வேலை பார்த்த விளாயன், ஸ்வீடன்ல வேலை பார்த்த லிண்டன் ரெண்டு பேரும் விளக்கினது எங்க துறையில இன்னைக்கும் அடிப்படை. வலி வருது, அதை ஆபத்துன்னு நினைக்கிறோம், அசைவைத் தவிர்க்கிறோம். தவிர்க்கத் தவிர்க்க தசை பலம் இழக்குது, மூட்டு இறுகுது, மனசு சோர்ந்து போகுது. இதெல்லாம் வலியைக் கூட்டுது. கூடின வலி, "பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்"னு சொல்லுது. இதுல கொடுமை என்னன்னா, தவிர்க்கிறவரைக்கும் அந்த நினைப்பு தப்புன்னு தெரிய வழியே இல்ல. குனியாம இருக்கிறவங்களுக்கு, குனிஞ்சா என்ன ஆகும்ங்கிறது மூணு வருஷம் ஆனாலும் தெரியாது.

ஜவ்வு பத்தியும் சொல்லணும். அது நழுவி ஓட சோப்புக்கட்டி இல்ல, மேல் எலும்போடயும் கீழ் எலும்போடயும் இறுகப் பிணைஞ்சிருக்கு. புடைக்கும். சில பேருக்கு உள்ளே இருக்கிற கூழ் வெளிய வந்து நரம்பை அழுத்தும், கால் வரைக்கும் வலி இறங்கும். அதுகூட பல பேருக்கு நாளடைவில தானா சுருங்கும். வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. முதுகுவலியே இல்லாத 40 வயசுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு ஜவ்வுப் புடைப்பு. 20 வயசுலயே 30 சதவீதம். 80 வயசுல 84 சதவீதம். தேய்மானமும் அப்படித்தான், நரை மாதிரி. டீச்சர் கையில பிலிமைக் கொடுத்தப்ப இந்த ஒரு வரியையும் யாராவது சேர்த்துச் சொல்லியிருந்தா, அந்த மூணு வருஷம் அவங்ககிட்டயே இருந்திருக்கும். எனக்கு இது ஆத்தாமையா இருக்கு.

ஐயா, ஜிம்ல உங்களுக்குச் செஞ்சது வைத்தியம் இல்ல. பயந்து குரைக்கிற நாய் முன்னாடி பத்துப் பேரை ஒரே நேரத்துல தள்ளிவிட்டா அது கடிக்கத்தான் செய்யும். பால்காரர் தினமும் அதே நேரத்துக்கு, கொஞ்சம் தள்ளி நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வரணும். அளவு முக்கியம். எதுல ஆரம்பிக்கிறோம்ங்கிறது அதை விட முக்கியம்.


திண்டுக்கல் டீச்சர்
10 செப்டம்பர் 2025, இரவு 9.10

சேலம் ஐயா, உங்க கோபம் எனக்குப் புரியுது. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் சுருக்குன்னு தைச்சது. அந்த அம்மா வலியை மறுக்கல, அதனாலதான் ரெண்டாம் நாளும் போனேன்.

என்ன செஞ்சோம்னு கேட்டு மூணு பேர் தனியா எழுதியிருந்தீங்க. ஒரு தாள்ல நான் செய்யாம விட்டதையெல்லாம் எழுதச் சொன்னாங்க. பக்கத்துல பயத்துக்கு நூத்துக்கு எத்தனைன்னு மார்க். சம்மணம் போடுறது 40. பாத்ரூம்ல விழுந்த சோப்பை எடுக்கிறது 55. பஸ் பின் சீட்டு 60. வாசல்ல கோலம் 85. கிரைண்டர் கல் 100.

தொடங்கினது தாளோட அடியில இருந்து, அதாவது பயம் ரொம்பக் குறைவான அசைவுல இருந்து. மெத்தையில கையும் முழங்காலும் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி மேலே வளைச்சு, அப்புறம் கீழே விடுறது. அதுவே முதல் தடவை வேர்த்துப் போச்சு. அடுத்து நாற்காலியில உட்கார்ந்தபடி கையை முழங்கால்ல இருந்து கணுக்கால் வரை வழுக்கி இறக்குறது. செய்யறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதணும்: என்ன ஆகும், வலி பத்துக்கு எத்தனை வரும். நான் "9, எழுந்திருக்க முடியாது"ன்னு எழுதினேன். செஞ்சு முடிச்சப்ப 5. எழுந்து நடந்து போய்த் தண்ணி குடிச்சேன். "இப்ப வந்ததை எழுதுங்க"ன்னாங்க. அந்த நோட்டுல ரெண்டு பத்தி, முன்னால் நினைச்சது, பின்னால் நடந்தது. நாப்பது வரி சேர்ந்தப்ப, நான் ஒரு தடவை கூடச் சரியா கணிக்கலைங்கிறது என் கையெழுத்துலயே இருந்துச்சு. எத்தனை பேர் எவ்வளவு சொல்லியும் ஏறாதது அதைப் பார்த்துத்தான் ஏறுச்சு.

ஆறாவது வாரம் சறுக்கினேன். ஒரு ஞாயித்துக்கிழமை உற்சாகத்துல வீடு பூரா குனிஞ்சு பெருக்கிட்டேன். திங்கக்கிழமை எழுந்திருக்க முடியல. எல்லாம் போச்சு, அந்த டாக்டர் சொன்னதுதான் நிஜம்னு பெல்ட்டைத் தேடி எடுத்துக் கட்டிக்கிட்டேன். போன் பண்ணினேன். "கால் மரத்துப் போச்சா? மூத்திரம் போறதுல ஏதாவது மாத்தம் இருக்கா?"ன்னு முதல்ல அதைத்தான் கேட்டாங்க. இல்லைன்னதும், "அப்ப செய்யறதை நிறுத்த வேண்டாம், பாதி அளவு செய்யுங்க"ன்னாங்க. பத்துக்குப் பதிலா அஞ்சு தடவை. மூணு நாள்ல தணிஞ்சுது. அந்த மூணு நாள்தான் எனக்கு உண்மையான வைத்தியம்னு நினைக்கிறேன். வலி கூடும், திரும்ப இறங்கும், நான் உடைஞ்சு போகலைன்னு அப்பதான் தெரிஞ்சுது.


யாழ் அன்ரி
11 செப்டம்பர் 2025, மாலை 5.50

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்தில இடுப்பு வலியை நாரி நோ எண்டு சொல்லுவம். நான் சைக்கிளால விழுந்து நாரி நொந்து, ரெண்டு வருசமாச் சைக்கிளைத் தொடேல்ல. என்ர மனுசன் நல்லவர். ஆனா நான் ஒரு வாளி தண்ணி தூக்கப் போனாலும் ஓடி வந்து பறிச்சுப்போடுவார். "நீ இரும்மா, உனக்கு ஏலாது." ஒரு நாளைக்குப் பத்துத் தரம் உனக்கு ஏலாது எண்டு கேட்டால், பிறகு உண்மையாவே ஏலாமல் போகுது.

பிசியோ பிள்ளை என்னைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத்தான் முதல்ல விட்டவ. ஏறேல்ல, உருட்டல் மட்டும், ஒரு கிழமை. பிறகு ஸ்ராண்டில நிப்பாட்டி வைச்சு மிதிச்சனான். பிறகு ஒழுங்கைக்குள்ள. இப்ப சந்தைக்குப் போறன். என்ர மனுசனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, "அண்ணை, இவ தூக்கேக்க நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ, அதுதான் நீங்கள் செய்யிற உதவி" எண்டு சொன்னவ. அந்த மனுசனுக்கு அதுதான் ஆகக் கஷ்டமாக் கிடந்தது.


லோடுமேன் தம்பி
11 செப்டம்பர் 2025, இரவு 9.30

கோவை சார், என் விறைப்புக்கு ஒண்ணும் சொல்லலையே. அப்புறம் காசு. டீச்சர் போற மாதிரி வாரம் ரெண்டு தடவை போக எனக்கு முடியாதுங்க.


கோவை பிசியோ
12 செப்டம்பர் 2025, மதியம் 1.20

மன்னிச்சுக்கோங்க தம்பி, விட்டுப் போச்சு. நீங்க செய்யறதும் தவிர்க்கிறதுதான், வேற உருவத்துல. வேலையைத் தவிர்க்கல, இடுப்பை அசைய விடாம தவிர்க்கிறீங்க. 50 கிலோவுக்குத் தசை இறுகத்தான் செய்யும், அதுல தப்பில்ல. செருப்பு மாட்டக் குனியும்போதும், டீ கிளாஸை எடுக்கும்போதும் அதே இறுக்கம் இருந்தா, அந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது. மூட்டை தூக்குற விதத்தை இப்போதைக்கு மாத்த வேண்டாம். வீட்டுல, எடை எதுவும் இல்லாம, மூச்சை வெளிய விட்டுக்கிட்டே குனிஞ்சு பழகுங்க. வாயால ஊதிக்கிட்டே குனிங்க, அப்ப மூச்சை அடக்க முடியாது. காலையில அஞ்சு, ராத்திரி அஞ்சு. அது சாதாரணமா ஆன பிறகு குடம், அதுக்கப்புறம் மூட்டை.

காசு விஷயம்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல பிசியோதெரபி பிரிவு இருக்கு, போய்க் கேளுங்க. நடமாட முடியாம வீட்டோட கிடக்கிறவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி வருது. இன்னொண்ணு, இந்த முறைக்குக் காலம் பூரா வந்துக்கிட்டே இருக்கத் தேவையில்ல. ஆஸ்திரேலியாவுல 492 பேரை வச்சு நடந்த சோதனை 2023ல வெளியாச்சு. இதே மாதிரி பயத்தையும் அசைவையும் சேர்த்துக் கையாளுற சிகிச்சை. 12 வாரத்துல அதிகபட்சம் ஏழு அமர்வு, ஆறு மாசத்துல ஒரு தடவை நினைவூட்டல், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழிச்சும் பலன் நின்னுது. தினமும் போய்ப் படுத்துக் கரண்டு வச்சுக்கிட்டு வர்ற பழக்கத்தை நாங்கதான் மக்களுக்கு ஏத்திவிட்டோம். எங்க துறைக்காரனா இதை ஒத்துக்கிறேன்.

எல்லோரும் கவனிக்க வேண்டியது: முதல்ல டாக்டர் பார்த்திருக்கணும். மூத்திரம், மலம் கட்டுப்பாடு போறது, உட்காருற இடம் மரத்துப் போறது, ரெண்டு காலும் பலம் இழக்கிறது இதெல்லாம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோட முதுகுவலி, காரணமில்லாம எடை குறையறது, முன்னால் புற்றுநோய் இருந்தவங்க, விழுந்து அடிபட்டவங்க, இவங்களும் பயிற்சிக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணும்.


சேலம் ஓய்வு
12 செப்டம்பர் 2025, இரவு 7.45

நாய் உவமையை இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வி. பதினோரு ஆண்டு குரைத்த நாய் அடங்குமா? எனக்கு 67 வயது. வலி போகும் என்று உறுதி தர முடியுமா?


கோவை பிசியோ
12 செப்டம்பர் 2025, இரவு 8.30

உறுதி தர முடியாதுங்க ஐயா. தர்றவங்களை நம்பாதீங்க. பல பேருக்கு வலி குறையும், சிலருக்குக் கொஞ்சமாத்தான் குறையும். பெரும்பாலும் முதல்ல திரும்பி வர்றது வேலை. வலியோடயே நடக்கிறது, கீழே உட்கார்ந்து சாப்பிடுறது, பேரப்பிள்ளையைத் தூக்கிறது. வலி அதுக்குப் பின்னால மெதுவா இறங்கும், இறங்கினா. வயசு தடை இல்ல. இதுவரைக்கும் உங்களை யாரும் சரியான இடத்துல தொடங்க வைக்கல, அதுதான் குறை. உங்க தாள்ல அடியில இருக்கிற வேலை எது, ஐயா?


சேலம் ஓய்வு
13 செப்டம்பர் 2025, காலை 5.50

செய்தித்தாள். வாசலில் போட்டுவிட்டுப் போவான். மருமகள் எழும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன்.


லோடுமேன் தம்பி
5 அக்டோபர் 2025, இரவு 9.50

மூணு வாரமா ஊதிக்கிட்டே குனியறேன். என் சின்னப் பொண்ணும் கூட நின்னு ஊதுது. மூட்டைக்கு இன்னும் விறைப்பு போகல. ஆனா செருப்பு மாட்டும்போது போயிருச்சு. சாயங்காலம் அந்தக் கல்லு மாதிரி இருக்கிறது பாதிதான் இருக்குதுங்க.


சேலம் ஓய்வு
2 நவம்பர் 2025, காலை 6.20

இங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கண்டுபிடித்தேன். இளம் பெண். முதல் நாள் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். செய்தித்தாளைத் தரையில் போடாமல் முதலில் நாற்காலி மேல் போடும்படி என் மகனிடம் சொன்னார். இரண்டு வாரம் நாற்காலி, ஒரு வாரம் முக்காலி. நேற்று வாசற்படி. வலி இருந்தது. எடுத்தேன். இன்று அதைவிட அதிக வலி, அதனால் இன்று முக்காலிக்கே திரும்பிவிட்டேன். நாளை பார்க்கலாம்.


திண்டுக்கல் டீச்சர்
16 டிசம்பர் 2025, காலை 6.40

ஐயா, முக்காலிக்குத் திரும்பினதும் பயிற்சிதான். அந்த நோட்டுல எழுதி வைங்க.

இன்னைக்கு மார்கழி ஒண்ணு. நாலரைக்கே எழுந்துட்டேன். நோட்டுல "வலி 6, பாதியில நிறுத்த வேண்டி வரும்"னு எழுதிட்டுத்தான் வெளிய வந்தேன். தண்ணி தெளிச்சு, ஏழு புள்ளி வச்சு ஒரு சின்னக் கோலம். புள்ளி வைக்கும்போது விரல்தான் நடுங்குச்சு, மாவு கோணலா விழுந்துச்சு. வலி 4. கிரைண்டர் கல் 100ல இருந்து இறங்கி இன்னும் தாள்ல 70ல நிக்குது, அதுக்கு அவசரமில்ல.

மகள் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தா. நான் சாஞ்சா பிடிக்கிறதுக்கு ரெண்டு கையையும் நீட்டியபடி. யாழ் அன்ரி சொன்னது ஞாபகம் வந்துச்சு, ஆனா அவகிட்ட நான் எதுவும் சொல்லல. மூணாவது வரிசைப் புள்ளி வைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கையை இறக்கிட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்திருந்தா.